நீர்பாய்ச்சி இல்லாத கண்மாய்

ராமநாதபுரம் பக்கம் ராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று சொல்வார்கள். ஒரு கோடியில் கிளம்பிய நாரை மறுகோடி போய்ச் சேருமுன் இறக்கை ஓய்ந்துவிடுமாம், அவ்வளவு நீளமான கரை. பாண்டிய ராஜா வெட்டினார் என்று ஒரு பெருமூச்சோடு பேச்சு முடிந்துவிடும். அந்த நாற்பத்தெட்டு மடையையும் யார் திறந்தார்கள், யார் அடைத்தார்கள், எந்த மடைக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று யார் தீர்மானித்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பெருமையில் வராது. வெட்டியது ஒரு தடவை. திறந்து அடைப்பது வருஷா வருஷம், மார்கழிப் பனியில், பெரும்பாலும் ராத்திரியில். கண்மாய்ப் பாசனத்தின் அன்றையும் இன்றையும் பேசுவதென்றால் ராஜாவை விட்டுவிட்டு அந்த ராத்திரி ஆளிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு முன் இந்தச் சீமையின் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை. ராமநாதபுரம், சிவகங்கை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிறது. கேட்டால் குறைச்சலாகத் தெரியாது. பெய்கிற விதத்தில்தான் சங்கடம். பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். விவசாயி புரட்டாசியிலேயே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு மேற்கே இடி கேட்கிறதா என்று காத்திருப்பார். ஐப்பசி மழையில் முளைக்கும், கார்த்திகை மழையில் தூர் கட்டும். மார்கழியில் மழை நின்றபிறகுதான் கதிர் வாங்கும். பயிருக்குத் தண்ணீர் மிக அவசியமான நேரத்தில் வானம் வெளுத்துப்போயிருக்கும். ‘இன்னும் ரெண்டு தண்ணி கிடைச்சா வீடு வந்து சேரும்’ என்று பேசிக்கொள்வது அப்போதுதான். அந்த ரெண்டு தண்ணிக்காகத்தான் கண்மாய். சித்திரைக்கார், குழிவெடிச்சான் போன்ற நெல் ரகங்கள் இந்த நிலத்துக்குப் பழகியவை, காய்ச்சலைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் கடைசித் தண்ணீர் இல்லாவிட்டால் அவையும் பதராகும்.

இந்த ரெண்டு தண்ணியைப் பங்கிட்டவர்தான் நீர்பாய்ச்சி. தெற்கே திருநெல்வேலிப் பக்கம் மடைக்குடும்பன், வேறு இடங்களில் நீர்கட்டி. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். மழைக்கு முன்னால் வரத்துக்கால் நெடுக நடந்து எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே கரை சரிந்திருக்கிறது என்று பார்த்து ஊரில் வந்து சொல்ல வேண்டும். ஓடையில் வெள்ளம் வந்தால் ராத்திரியானாலும் சாட்ட வேண்டும். கண்மாய் நிறைந்தபின் கரையில் நண்டு வளை, எலி வளை எங்கேயாவது கசிகிறதா என்று அலைய வேண்டும். விரல் அளவு கசிவு விடிவதற்குள் உடைப்பாகிவிடும். மடை திறக்கும் காலம் வந்தால் அதற்கப்புறம் அவருக்குத் தூக்கமே கிடையாது.

பழைய குமிழித்தூம்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கரையிலிருந்து சற்றுத் தள்ளித் தண்ணீருக்குள் இரண்டு கல் தூண் நிற்கும். அடியில் கல் தொட்டி, அதில் துளை, துளையை அடைக்க ஒரு குழவி. நீந்திப் போய், முங்கி, அந்தக் குழவியைத் தூக்க வேண்டும். மேலே இருப்பது நீரோடித் துளை. அடியில் சேறோடித் துளை என்று வேறு உண்டு. அதன் வழியே தண்ணீரோடு வண்டலும் வயலுக்குப் போகும். கண்மாயும் தூராது, நிலத்துக்கும் உரம். பாண்டிய நாட்டுக் கண்மாய்களில் இத்தகைய தூம்புகள் இன்னும் பல நிற்கின்றன, பலவற்றில் கல்வெட்டோடு. முங்கத் தெரிந்த ஆள்தான் இல்லை.

நீர்பாய்ச்சியின் வேலையில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது வேறொரு விதி. தண்ணீர் தட்டுப்பாடாகிவிட்டால் நிலத்துக்குச் சொந்தக்காரர் தன் வயல் வாமடையைத் தானே திறக்கக் கூடாது. மண்வெட்டி நீர்பாய்ச்சி கையில்தான் இருக்கும். தாராளமாகத் தண்ணீர் இருக்கும்வரை யாரும் எதையும் கண்டுகொள்ள மாட்டார்கள். மட்டம் இறங்கியதும் ஊர்த் தலைவரான அம்பலகாரர் வீட்டு முன்போ அய்யனார் கோயிலிலோ ஊர் கூடி ‘முறை’ வைப்பார்கள். எந்த மடை எத்தனை நாள், ஒரு மடைக்குள் எந்தத் தாக்கு முதலில், பகல் முறை யாருக்கு, ராத்திரி முறை யாருக்கு என்று பேசி முடித்துவிட்டால் அதற்கப்புறம் நிலக்காரர் வேலை வீட்டில் இருப்பதுதான். தலைமடைக்காரர் வயல் கணுக்கால் அளவு நனைந்தால் போதும், தண்ணீர் கீழே போய்விடும். வரப்பில் நின்று ‘இன்னும் கொஞ்சம் நிக்கட்டுமே’ என்று அவர் கேட்டாலும் நீர்பாய்ச்சி காதில் வாங்கக் கூடாது.

அவர் ஏன் காதில் வாங்காமல் இருந்தார்? பெரும்பாலான ஊர்களில் நீர்பாய்ச்சி ஆயக்கட்டில், அதாவது கண்மாய் பாயும் நிலப்பரப்பில், நிலம் இல்லாதவர். இருந்தால் வேலைக்காக ஒதுக்கிய மானியத் துண்டு மட்டும். அவருக்குக் கூலி அறுப்புக் களத்தில், நெல்லாக. ஒவ்வொரு வயல்காரரும் விளைந்ததிலிருந்து ஒரு பங்கு அளக்க வேண்டும். ஒரு வயல் காய்ந்தால் அந்த வயலின் நெல் அவருக்கும் இல்லை. ஆகவே தலைமடையும் கடைமடையும் விளைந்தால்தான் அவருக்கு லாபம். ஒரு தரப்புக்குச் சாய்வதற்கு அவருக்குச் சொந்த வயலும் இல்லை, காசும் இல்லை. நியாயத்தை ஒருவருடைய நல்ல குணத்தில் விடாமல் அவருடைய கூலியில் கட்டிவைத்த ஏற்பாடு இது. இதை யோசித்தவர்கள் மனிதர்களை நன்றாக அறிந்தவர்கள்.

ஆனால் அந்த நிலமில்லாமை தற்செயல் அல்ல. பெரும்பாலான ஊர்களில் நீர்பாய்ச்சிகள் பட்டியல் சாதிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், பரம்பரையாக. நிலம் வைத்துக்கொள்ள விடப்படாதவர்களிடம் நிலம் இல்லை என்பதையே தகுதியாக்கிக் கொடுத்த வேலை அது. முறை வைக்கும் கூட்டத்தில் அவருக்கு உட்கார இடம் கிடையாது. எட்ட நின்று கேட்டுக்கொண்டு போய் நிறைவேற்ற வேண்டும். கரையில் அம்பலகாரர் வயலுக்குப் போகும் தண்ணீரையும் மறித்துத் திருப்பும் அதிகாரம் உள்ள கிழவரை, தெருவில் அம்பலகாரரின் பேரன் பெயர் சொல்லி ‘வாடா’ என்று கூப்பிடுவான். பல ஊர்களில் தண்ணீர் பாய்ச்சுவதோடு சாவுச் செய்தி சொல்வது, ஊர் சாட்டுவது என்று வேறு ஊழியங்களும் அதே குடும்பத்தின் தலையில் கட்டப்பட்டிருந்தன. பழைய கண்மாய் நிர்வாகத்தைப் பற்றிக் கண்ணீர் மல்க எழுதுகிற கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. அடுத்த தலைமுறை படித்து, சென்னைக்கோ திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய், ‘எங்கப்பாவோடு போச்சு அந்த மண்வெட்டி’ என்று சொன்னால் அதில் ஊர் அழிந்துபோன சோகம் எதையும் நான் பார்க்கவில்லை. அதற்காகத்தான் அவர்கள் பள்ளிக்கூடம் போனார்கள்.

சிக்கல் என்னவென்றால், ஆள் போனபிறகு வேலை அங்கேயே இருக்கிறது.

அன்று நீர்பாய்ச்சி தனியாகச் செய்ய முடியாத வேலைகளை ஊர் சேர்ந்து செய்தது. ஆவணி, புரட்டாசியில் கால்வெட்டு. இத்தனை ஏக்கருக்கு ஓர் ஆள் என்று கணக்கு. ஆள் அனுப்பாத வீடு தெண்டம் கட்ட வேண்டும். வரத்துக்காலைச் செதுக்கி, கரையில் மண் போட்டு, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கைச் சரிபார்ப்பார்கள். அதுதான் குடிமராமத்து. நில அளவுக்கு ஏற்ப உழைப்பு என்பதால் அதிக நிலம் உள்ளவருக்கு அதிகப் பாரம், கணக்கில் சரிதான். நடைமுறையில் அவர் வரமாட்டார், அவருடைய பண்ணையாள் வருவார்.

ஊரோடு முடிகிற விஷயமும் அல்ல இது. இந்தச் சீமையில் கண்மாய்கள் சங்கிலித்தொடராகக் கிடக்கின்றன. ஒன்று நிறைந்து கலுங்கு வழியாக மறுகால் போனால் அதுதான் அடுத்த ஊருக்கு வரத்து. மேல் ஊர்க்காரர்கள் கலுங்கை ஒரு முழம் உயர்த்திவிட்டால் கீழ் ஊர்க் கண்மாய் அந்த வருஷம் பாதிதான் நிறையும். கீழ் ஊர்க்காரர்கள் தங்கள் கலுங்கை உயர்த்தினாலோ மேல் ஊர் வயல்களில் தண்ணீர் ஏறும். அதனால்தான் கலுங்கின் மட்டத்துக்கு ஒரு கல் நட்டு வைத்தார்கள். அந்தக் கல்லைச் சுற்றி நடந்த வெட்டுக்குத்தும் வழக்கும் கொஞ்சமல்ல. ஆற்றிலும் இதே கதைதான். வைகைத் தண்ணீரில் ராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்ற பங்கு இன்றும் பேசப்படுகிறது. 1959-ல் வைகை அணை வந்தபிறகு அந்தப் பங்கு வெள்ளத்தோடு தானாக வருவதில்லை. உத்தரவு வர வேண்டும், மதகு திறக்க வேண்டும். அதற்கு மனுக்கொடுக்க ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாளில் வரிசையில் நிற்க வேண்டும்.

இந்தப் பழைய ஏற்பாடு என்றைக்குச் சிதைந்தது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு தேதி சொல்வார்கள். சிலருக்கு காமராஜர் காலம்வரை நன்றாக இருந்தது, சிலருக்கு எம்.ஜி.ஆர் காலம்வரை. வெள்ளைக்காரன் கெடுத்தான் என்பதும் உண்டு. புலம்பல் இதைவிடவெல்லாம் பழசு. 1856-ல் பேர்ட் ஸ்மித் என்ற ராணுவப் பொறியாளர் சென்னை மாகாணப் பாசனத்தைப் பற்றி எழுதியபோது, 14 மாவட்டங்களில் பாசன வேலைகள் 43,000 நல்ல நிலையிலும் 10,000 பழுதாகியும் இருப்பதாகக் கணக்குக் கொடுத்தார். ஐந்தில் ஒன்று அன்றே பழுது. 1858-ல் கும்பினி அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைப் போட்டு, கரை உடையும் ஆபத்து வந்தால் ஊரார் வந்தே தீர வேண்டும் என்றது. எல்லோரும் தாமாக ஓடிவந்துகொண்டிருந்தால் சட்டம் எதற்கு? குடிமராமத்து என்பது எந்தக் காலத்திலும் தானாக நடந்த திருவிழா அல்ல. யாரோ ஒருவர் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தபோது நடந்த வேலை.

அப்படித் தள்ள வேண்டிய ஜமீனும் சும்மா இருந்ததில்லை, வேறு வேலையாக இருந்தது. ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களுக்கு 1803-ல் நிரந்தர நிலவரித் திட்டப்படி பேஷ்குஷ், அதாவது ஜமீன் அரசுக்குக் கட்டும் தொகை, நிர்ணயமாயிற்று. விளைச்சலில் வாரம் வாங்கும்வரை ஜமீனுக்குக் கண்மாய் நிறைந்தால் வருமானம். ஆகவே மராமத்தில் அக்கறை இருந்திருக்க வேண்டும். இருந்த காலமும் உண்டு. ஆனால் சிவகங்கை ஜமீனின் வாரிசு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1863-ல்தான் தீர்ப்பானது. கரைக்குப் போக வேண்டிய பணத்தில் எவ்வளவு வக்கீல்களுக்குப் போயிருக்கும் என்று நாமே யூகித்துக்கொள்ளலாம்.

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. வேண்டிய சட்டம், தாமதமாக வந்தது. உழுதவர்களுக்குப் பட்டா கிடைத்தது. கண்மாய் அரசுக்குப் போயிற்று. 1963-ன் சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் மானிய நிலங்களும் ரயத்துவாரிக்குள் வந்தன. 1980-ல் கணக்கப்பிள்ளை, மணியக்காரர் பரம்பரைப் பதவிகளை அரசு ஒரே அடியாக நீக்கியது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நியாயம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் இவை அத்தனையும் நடந்து முடிந்தபோது கண்மாய்க்கென்று இருந்த வரவு செலவு கணக்கு ஊரின் கையில் இல்லை.

அந்த வரவு எது என்று பார்க்க வேண்டும். தண்ணீர் வற்றும்போது மீன். அதை ஊரே ஏலம் விட்டது. கரை மரங்கள், புல், கோரை. கோடையில் வண்டல், வண்டி வண்டியாக வயலுக்கு. மீன் பணத்தில் மடை பார்த்தார்கள், அய்யனாருக்குப் புரவி எடுத்தார்கள், மிச்சமிருந்தால் கூத்து வைத்தார்கள். கண்மாய் தன் செலவுக்குத் தானே சம்பாதித்தது.

இன்று அதே கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் வருவாய்த் துறைக் கணக்கில். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் தண்ணீரும் கரையும் பொதுப்பணித் துறையிடம். 2021-லிருந்து அதற்கு நீர்வளத் துறை என்று தனிப்பெயர். 40 ஹெக்டேருக்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். உள்வாயில் சமூகக் காடு வளர்ப்பில் கருவேல் நட்டிருந்தால் அந்த மரத்துக்கு வனத்துறை. மீன் ஏலத்துக்கு வேறொரு கையெழுத்து. வண்டல் என்றால் கனிமம், அதற்கு அனுமதி. 2017-ல் விவசாயிகள் இலவசமாக வண்டல் எடுத்துக்கொள்ள அரசு வழி செய்தது நல்ல காரியம். ஆனாலும் தாத்தா மாட்டு வண்டியில் கேட்காமல் அள்ளிய மண்ணுக்குப் பேரன் விண்ணப்பம் எழுதுகிறார். வருமானம் இத்தனை திசைகளில் போய்விட்டது. கரையில் ஓட்டை விழுந்தால் மட்டும் ‘ஊர்க்காரங்க சேர்ந்து அடைக்க வேண்டியதுதானே’ என்கிறார்கள். பலனைப் பிரித்துக்கொண்டு பாரத்தை மட்டும் ஊரில் விட்டுவைத்தால் எந்த ஊரும் சேர்ந்து நிற்காது. ஒற்றுமை குறைந்துவிட்டது, சுயநலம் பெருகிவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்தக் கணக்கை ஒருமுறை காட்ட வேண்டும்.

அடுத்து மோட்டார். கிணற்றுக்குக் கரண்ட் வந்தது, 1990-ல் விவசாயத்துக்கு மின்சாரம் முழு இலவசமாயிற்று. நிலத்தடி நீர் நன்றாக இருக்கும் மதுரை, சிவகங்கைப் பகுதிகளில் ஆயக்கட்டுக்குள்ளேயே கிணறும் போர்வெல்லும் முளைத்தன. கிணறு உள்ளவருக்கு முறைத் தண்ணீருக்காக ராத்திரி விழிக்க வேண்டிய அவசியமில்லை. கண்மாயில் தண்ணீர் நின்றால் போதும், கிணறு ஊறும். மடையைத் திறக்காமலே இருந்தால் அவருக்கு இன்னும் நல்லது. கிணறு இல்லாதவருக்கு மடை திறந்தால்தான் பிழைப்பு. ஒரே கண்மாயின் கீழ் ஒரே சாதி, ஒரே தெரு, சில சமயம் அண்ணன் தம்பி, ஆனால் தண்ணீரில் நேரெதிர் வேண்டுதல். வசதி உள்ளவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். அவரோடு போலீஸ் ஸ்டேஷனிலும் தாலுகா ஆபீசிலும் பேசத் தெரிந்த வாயும் போயிற்று.

ராமநாதபுரம் கடலோரத்தில் கதை மாறுகிறது. அங்கே தோண்டினால் பல இடங்களில் உப்புத்தண்ணீர். கிணறு கண்மாயைக் கைகழுவிவிட முடியாத இடம் என்பதால் கண்மாய்ப் பேச்சு இன்னும் உயிரோடு இருப்பது அங்கேதான். ஆனால் அங்கும் ஒன்று வந்திருக்கிறது, ஆயில் எஞ்சின். மட்டம் மடைக்குக் கீழே இறங்கிவிட்டால் முன்பு அது மாட்டுக்கும் மீனுக்கும். இப்போது கண்மாய்க்குள்ளேயே எஞ்சினை இறக்கி, ஓஸ் போட்டு, வாடகைக்கு இத்தனை மணி நேரம் என்று இறைக்கிறார்கள். மணிக்கணக்கு முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அன்று அது ஊர் வைத்த முறை. இன்று டீசலுக்குக் காசு உள்ளவர் வைப்பதுதான் முறை. காசில்லாதவர் நெல்லை விட்டு முண்டு மிளகாய்க்கும் பருத்திக்கும் போயிருக்கிறார். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் கொண்டாடினோம். கண்மாயை நம்பாமல் பிழைக்கக் கற்றுக்கொண்ட பயிருக்குக் கிடைத்த பட்டம் என்றும் அதைப் பார்க்கலாம்.

சீமைக்கருவேலைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் வெட்டச் சொன்னதும், ஊரெல்லாம் ஜேசிபி உறுமியதும், மழைக்குப்பின் தூரிலிருந்து மறுபடி துளிர்த்ததும் தெரிந்ததுதான். யாரும் அதிகம் சொல்லாத ஒன்று: விளையாத வருஷங்களில் இந்தச் சீமையில் பல குடும்பங்களுக்கு அடுப்பெரித்தது இந்த மரத்தின் கரிமூட்டம்தான். வரத்துக்காலை அடைத்த அதே மரம் வரும்படியும் கொடுத்தது. அதை வெட்ட வேண்டும் என்று சொல்கிறவர் கண்மாய் நிறைந்தால் பயனடையும் ஆயக்கட்டுக்காரர். வெட்டினால் வேலை போகிறவருக்கு ஆயக்கட்டில் நிலமே இல்லை.

கால்வெட்டு இன்று நூறு நாள் வேலையில் நடக்கிறது. 2006-ல் இந்தத் திட்டம் தொடங்கியபின் பல ஊர்களில் வரத்துக்காலில் மண்வெட்டி விழுவதே இதனால்தான். காலை வேளையில் போய்ப் பார்த்தால் வெட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள், அவர்களில் பாதிக்குமேல் சேலைமேல் சட்டை போட்ட நடுவயதுக்காரர்கள். ஆண்கள் வெளியூரில். இந்தப் பெண்களில் பலருக்கு ஆயக்கட்டில் நிலம் இல்லை. இருப்பவர்களுக்கும் பட்டா மாமனார் பெயரிலோ கணவர் பெயரிலோதான். அன்று நிலக்காரர் தன் நில அளவுக்கு ஏற்ப செய்ய வேண்டியிருந்த வேலையை இன்று நிலமில்லாத பெண்கள் அரசுக் கூலிக்குச் செய்கிறார்கள். நிலக்காரர் தன் பங்குக்கு ஒரு ரூபாயும் தருவதில்லை. ‘நூறு நாள்ல என்னத்த வெட்றாளுக’ என்று டீக்கடையில் சொல்வதற்கு மட்டும் தயங்குவதில்லை. தண்ணீர்ச் சங்கக் கூட்டத்தில் அந்தப் பெண்களுக்கு நாற்காலி போட்ட ஊரை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீர்பாய்ச்சி எட்ட நின்ற இடத்தில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள்.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1980களில் ஐரோப்பியப் பணத்தில் ஏரி நவீனமயம், 2007-லிருந்து உலக வங்கிப் பணத்தில் ஒரு பெரிய திட்டம், இடையில் 2000-ல் விவசாயிகளே பாசன அமைப்பை நிர்வகிக்கச் சட்டம், 2007-ல் ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம். 2017-ல் ‘குடிமராமத்து’ என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம், முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள். வேலையை ஆயக்கட்டுக்காரர் சங்கமே எடுக்க வேண்டும், 10 சதவீதம் காசாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது ஏற்பாடு. சில ஊர்களில் நன்றாகவே நடந்தது. பல ஊர்களில் சங்கம் என்பது கான்ட்ராக்டரின் சட்டைப்பையில் இருந்த லெட்டர்பேடு என்ற புகாரும் எழுந்தது. கரை இன்று அகலமாக, உயரமாக இருக்கிறது, பைக்கிலேயே போகலாம். மடைக்குத் திருகு ஷட்டர் போட்டிருக்கிறார்கள். முங்க வேண்டாம், சாவி போட்டுச் சுற்றினால் போதும். சாவி யாரிடம் என்று கேட்டால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஷட்டர் பாதியில் துருவேறி நின்றுபோய், சாக்கில் மண் கட்டி அடைத்த மடைகளைப் பார்க்கலாம். திட்டங்கள் எல்லாமே கல்லுக்கும் மண்ணுக்கும் பணம் கொடுத்தன. ராத்திரி கரையில் நிற்கும் ஆளுக்கு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் பத்தி கிடையாது.

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய்கள் சுமார் 39,000. 1960களின் தொடக்கத்தில் 9 லட்சம் ஹெக்டேருக்குமேல் அவற்றால் பாய்ந்தது. அண்மை ஆண்டுகளில் அதில் பாதிகூட இல்லை. இந்தச் சரிவைக் காட்டி கண்மாய் செத்துவிட்டது என்று ஒரு கூட்டம் சொல்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கிணறு ஊற வைப்பதும் கண்மாய்தான், அந்தக் கணக்கு கிணற்றுப் பாசனத்தில் எழுதப்படுகிறது. செத்துப்போனது ஒரு நிர்வாகம்.

அதை வேறு வகையில் கட்டிப் பார்க்கும் முயற்சிகளும் உண்டு. மதுரையில் இயங்கும் தானம் அறக்கட்டளை 1990களிலிருந்து ‘வயலகம்’ என்ற பெயரில் கண்மாய்க்கு ஒரு சங்கமாகச் சேர்த்துவருகிறது. அவர்கள் அறிந்தோ அறியாமலோ தொட்ட இடம் சரியானது: முதலில் கண்மாய்க்கென்று ஒரு கணக்கு, அதில் ஒரு வைப்புநிதி, அதன்பிறகு மண்வேலை. மீன் ஏலம் ஊர்ப் பொதுக்கணக்குக்கே வரும்படி பேசி வைத்துக்கொண்ட ஊர்களும் ஆங்காங்கே இருக்கின்றன. மேலூர், சிங்கம்புணரிப் பக்கம் கோடையில் வெள்ளைக்கொடி வீசியதும் சுற்றுவட்டார ஜனங்கள் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகக் கண்மாயில் இறங்கும் மீன்பிடித் திருவிழாவைப் பார்த்திருக்கலாம். அங்கே ஏலமே விடுவதில்லை, யார் வேண்டுமானாலும் இறங்கலாம். வருமானம் இல்லைதான். ஆனால் இது எங்கள் கண்மாய் என்று பத்து ஊர் சொல்லும் நாள் வருஷத்தில் ஒன்றாவது அங்கே மிஞ்சியிருக்கிறது.

நீர்பாய்ச்சியைக் கூலிக்கு வைத்திருக்கும் ஊர்களும் இப்போது உண்டு. நெல்லுக்குப் பதில் ஏக்கருக்கு இவ்வளவு என்று காசு. பரம்பரை உரிமையும் இல்லை, பரம்பரைக் கடமையும் இல்லை. சாவுச் செய்தி சொல்லும் வேலை கிடையாது. எந்தத் தெருக்காரரும் வரலாம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வருகிறவர் பெரும்பாலும் பழைய தெருவிலிருந்துதான், ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்து பேசுகிறார், செல்போனில் கூப்பிட்டால் ‘அண்ணே, உங்க முறை நாளைக்குத்தான்’ என்று சொல்லி வைத்துவிடுகிறார். இந்த ஊர்களில் இப்போது எழும் தகராறு வேறு. கண்மாய் நிறையாத வருஷத்தில், விளைச்சலே இல்லாதபோது, அவருக்குச் சம்பளம் உண்டா இல்லையா? விளைஞ்சாத்தானே கொடுப்போம், அந்தக் காலத்திலேயே களத்தில்தானே அளந்தோம் என்கிறார்கள் நிலக்காரர்கள். தண்ணீர் குறைந்த வருஷத்தில்தான் எனக்கு வேலை அதிகம், ராத்திரி முழுக்க மடையில் காவல் கிடக்கிறேன், நிறைந்த வருஷத்தில் உங்களுக்கு நான் எதுக்கு என்கிறார் அவர். அவர் சொல்வதில்தான் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டியவர்களில் பாதிப்பேர் ஊரில் இல்லை, அவர்கள் நிலத்தை வாரத்துக்கு உழுகிறவர் ‘பட்டாக்காரர்கிட்ட கேளுங்க’ என்கிறார்.